கேள்வி – பதில்: ஸ்டார் கட்டும் மாதத்தில் நம் பிள்ளைகள்

இந்த மாதம் எனக்கு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை கிறிஸ்துமஸ் வரும் டிசம்பரைப் பற்றியவை. அவற்றில் ஏழு கடிதங்களை எடுத்துக்கொண்டிருக்கிறேன். எழுதியவர்கள் வீட்டு விஷயங்களை மனம் திறந்து சொல்லியிருப்பதால் பெயர்களைத் தவிர்த்து ஊரை மட்டும் குறிப்பிட்டுள்ளேன்.

கேள்வி: எங்கள் மகன் எட்டாம் வகுப்பிலும் மகள் நான்காம் வகுப்பிலும் படிக்கிறார்கள், இருவரும் ஆலயப் பாடகர் குழுவில் இருக்கிறார்கள். அரையாண்டுத் தேர்வும், இரவில் வீடு வீடாகப் பாடிக்கொண்டு போகும் கேரல் ரவுண்ட்ஸும் ஒரே வாரங்களில் வந்து விடுகின்றன. போன வருடம் இரவு ஒரு மணிக்குத் திரும்பி, தொண்டை கட்டிய நிலையில் காலையில் தேர்வு எழுதப் போனார்கள். இந்த வருடம் தேர்வு முடியும்வரை ரவுண்ட்ஸே கிடையாது என்று என் கணவர் சொல்லிவிட்டார். பிள்ளைகள் அழுகிறார்கள். நான் யார் பக்கம் நிற்பது?
– வாசகி, பாளையங்கோட்டை

பதில்: உங்கள் கணவருக்குப் பாட்டின்மேல் வருத்தம் எதுவும் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை, பிள்ளைகள் தூங்காமல் போவதுதான் அவரை உறுத்துகிறது. அதில் அவர் சொல்வது சரி. ஆறு முதல் பன்னிரண்டு வயதுவரை உள்ள குழந்தைக்கு ஒரு நாளில் ஒன்பது முதல் பன்னிரண்டு மணி நேரமும், அதற்கு மேற்பட்ட வளரிளம் பருவத்தினருக்கு எட்டு முதல் பத்து மணி நேரமும் தூக்கம் வேண்டும் என்பது மருத்துவர்கள் பொதுவாகச் சொல்லும் கணக்கு. நான்காம் வகுப்புப் பெண் இரவு ஒரு மணிக்கு வீடு திரும்பி, ஆறு மணிக்கு எழுந்து தேர்வுக்குப் போனால், அந்தத் தூக்கத்தில் பாதிதான் அவளுக்குக் கிடைக்கிறது. அதே சமயம், வருடத்தில் ஒரே ஒரு முறை வருகிற இந்த இரவுகளைத் தேர்வின் பெயரால் முழுவதுமாகப் பறித்துக்கொண்டால், பிற்காலத்தில் அந்தப் பிள்ளை கிறிஸ்துமஸை நினைக்கும்போது கணக்குப் புத்தகம்தான் அதன் கண் முன்னால் நிற்கும்.

நம் ஊர்களில் அரையாண்டுத் தேர்வு பெரும்பாலும் டிசம்பர் இரண்டாம் வாரம் தொடங்கி 23ஆம் தேதியை ஒட்டி முடிகிறது. எந்த இரவு எந்தப் பகுதிக்குப் பாட்டுக்குழு போகும் என்பதை ஆலயத்தில் முன்கூட்டியே அறிவித்து விடுகிறார்கள். இரண்டு அட்டவணையையும் ஒரே தாளில் பக்கத்தில் பக்கத்தில் எழுதி, சமையலறைச் சுவரில் ஒட்டுங்கள். எழுதுவதைப் பிள்ளைகளிடமே விடுங்கள். மறுநாள் தேர்வு இல்லாத இரவுகள் எவை என்று அவர்களே சிவப்புப் பேனாவால் வட்டமிடட்டும். சனிக்கிழமை இரவு நிச்சயமாக ஒன்று கிடைக்கும். சில வருடங்களில் இரண்டு கிடைக்கும். அவற்றோடு, மறுநாள் எந்தத் தேர்வாக இருந்தாலும், உங்கள் சொந்தத் தெருவுக்குக் குழு வருகிற இரவையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பெரியவன் தேர்வு முடிந்த பிறகு வருகிற கடைசி ரவுண்ட்ஸுக்கு முழு இரவும் போய் வரட்டும். சின்னவள் ஒன்பது மணியோடு திரும்பி விடட்டும். இருவருக்கும் ஒரே சட்டம் வேண்டியதில்லை. வயது வித்தியாசத்தைப் பிள்ளைகள் நாம் நினைப்பதைவிட நன்றாகவே புரிந்துகொள்வார்கள்.

இன்னொன்று, பாடகர் குழுத் தலைவரிடம் பேசுங்கள். சிறு பிள்ளைகளும் முதியவர்களும் உள்ள வீடுகளுக்கு மாலை ஆறரைக்கே தொடங்கிப் போய்விட்டு, இளைஞர்களை மட்டும் வைத்துக்கொண்டு பின்னிரவு வீடுகளுக்குப் போவது கடினமான ஏற்பாடு அல்ல. பெரும்பாலான குழுக்களில் யாரும் கேட்பதில்லை என்பதால்தான் அது நடப்பதில்லை. நான் என் பிள்ளைகளுக்காக இதை ஒருமுறை கேட்டபோது, இதே குறையை மனதில் வைத்துக்கொண்டு வாயைத் திறக்காமல் இருந்த தாய்மார்கள் ஐந்து பேர் எனக்குப் பின்னால் வந்து நின்றார்கள்.

ஒன்றை மட்டும் செய்யாதீர்கள். "கணக்கில் எண்பது வாங்கினால்தான் ரவுண்ட்ஸ்" என்று பேரம் பேசாதீர்கள். பாட்டைப் பரிசாகவும் தண்டனையாகவும் மாற்றினால், மதிப்பெண் குறைந்த பிள்ளை தனக்குக் கிறிஸ்து பிறப்பில் பங்கு இல்லை என்று எண்ணிக்கொள்ளும். போகாத இரவுகளில் ஒன்பது மணிக்கு விளக்கை அணைத்துப் படுக்கவையுங்கள். மூன்று தெரு தள்ளி டிரம் சத்தமும் கிதாரும் கேட்கும். போர்வைக்குள் கிடந்தபடி, "இப்போது எந்த வீட்டில் நிற்கிறார்கள்" என்று இருவரும் கிசுகிசுப்பார்கள். அதை அதட்டி நிறுத்த வேண்டாம்.

கேள்வி: "இன்னும் எத்தனை நாள்?" என்று ஆறு வயது மகன் காலையிலும் மாலையிலும் கேட்கிறான். நாளுக்கு ஒரு சாக்லேட் என்று இருபத்து நான்கு கதவுகள் உள்ள அட்டைக் காலண்டர் ஒன்றை ஆன்லைனில் வாங்கினேன். மூன்றாம் நாளே எல்லாக் கதவையும் திறந்து தின்றுவிட்டான். குழந்தைக்குக் காத்திருக்கச் சொல்லிக் கொடுக்க முடியாதா?
– வாசகர், தூத்துக்குடி

பதில்: உங்கள் மகன் கேட்ட கேள்வியை அவனுக்கு ஏறக்குறைய இருநூறு ஆண்டுகளுக்கு முன்னால் வேறு பிள்ளைகள் கேட்டிருக்கிறார்கள். ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் ஏழைப் பிள்ளைகளுக்கு ஓர் இல்லம் நடத்திய ஜோகன் ஹின்ரிக் விகெர்ன் என்ற போதகரிடம் அந்த இல்லத்துப் பிள்ளைகள் தினமும் "கிறிஸ்துமஸ் வந்துவிட்டதா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்களாம். 1839ஆம் ஆண்டு அவர் ஒரு பழைய வண்டிச் சக்கரத்தை எடுத்து, ஞாயிற்றுக்கிழமைகளுக்குப் பெரிய மெழுகுவர்த்தியும் வார நாள்களுக்குச் சிறிய மெழுகுவர்த்தியுமாக நட்டு, நாளுக்கு ஒன்றாக ஏற்றிக் காட்டினார். இன்று நம் ஆலயங்களில், கத்தோலிக்கர் திருவருகைக் காலம் என்றும் தென்னிந்தியத் திருச்சபையான சி.எஸ்.ஐ. சபையார் அட்வெந்து என்றும் சொல்கிற, கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்கு வாரங்களில் ஏற்றப்படும் மெழுகுவர்த்தி வளையத்துக்கு அந்தச் சக்கரமே மூலம். பிள்ளைகளின் அவசரத்தை அந்த மனிதர் குற்றமாக எடுத்துக்கொள்ளவில்லை. எத்தனை நாள் போயிற்று, எத்தனை நாள் மீதம் என்று கண்ணால் பார்க்க அவர்களுக்கு வழி செய்தார்.

உங்கள் காலண்டர் தோற்றதற்குக் காரணம் உங்கள் மகனிடம் இல்லை. ஆறு வயதுக் குழந்தையின் கைக்கு எட்டும் இடத்தில் இருபத்து நான்கு சாக்லேட்டை வைத்துவிட்டுப் பொறுமையை எதிர்பார்க்க முடியாது. அவசரப்பட்டாலும் விரைந்து முடியாத ஒரு வேலையை அவனிடம் கொடுங்கள். அதற்கு, இயேசு பிறந்த தொழுவத்தைக் காட்ட வீட்டில் நாம் அமைக்கும் குடிலைவிட நல்ல வழி நம்மிடம் இல்லை.

குடிலில் புல்தரைக்காகத் தானியம் முளைக்கவைப்பது நம் பக்கத்து வீடுகளில் காலங்காலமாக இருக்கும் பழக்கம். டிசம்பர் 13ஆம் தேதி இரவு இரண்டு கைப்பிடி கேழ்வரகை அவன் கையால் தண்ணீரில் போடச் சொல்லுங்கள். மறுநாள் வடித்து, ஈரத் துணியில் மூட்டையாகக் கட்டிவையுங்கள். ஓரிரு நாளில் மூட்டையைப் பிரித்தால் ஒவ்வொரு மணியின் நுனியிலும் ஊசிமுனை அளவுக்கு வெள்ளையாக ஒன்று எட்டிப் பார்க்கும். அதை அவன்தான் முதலில் பார்க்க வேண்டும். ஒரு பழைய தட்டில் இரண்டு விரல்கடை மண் பரப்பி, முளைத்த மணிகளை நெருக்கமாகத் தூவி, மேலே மெல்லிய மண் போர்வை போடுங்கள். காலையும் மாலையும் கையால் தண்ணீர் தெளிப்பது அவன் பொறுப்பு. சொம்பைக் கவிழ்த்து ஊற்றினால் மணிகள் ஒரு மூலைக்கு ஒதுங்கிவிடும். ஒருமுறை அப்படிச் செய்து, ஒரு பக்கம் வழுக்கையாகிப் போன தட்டைப் பார்த்தால் மறுமுறை தானாகவே விரலால் தெளிப்பான். 24ஆம் தேதி வாக்கில் விரல் நீளத்துக்கு இளம்பச்சைப் புல் நிற்கும். நவம்பர் கடைசியிலேயே விதைத்துவிடாதீர்கள். கிறிஸ்துமஸ் வருவதற்குள் மஞ்சளாகிச் சாய்ந்துவிடும். கம்பு இன்னும் வேகமாக வளரும் என்பதால் அதை இரண்டு நாள் தாமதித்தே போடலாம்.

அதனோடு இன்னொரு பழக்கத்தையும் சேர்த்துக்கொள்ளலாம். குடிலைக் கட்டி மாடு, கழுதை, மரியாள், யோசேப்பு எல்லோரையும் வைத்த பிறகும் பாலன் இயேசுவைக் கிடத்தும் தீவனத் தொட்டியான முன்னணை காலியாகவே இருக்கட்டும். 24ஆம் தேதி நள்ளிரவுப் பூசை முடிந்து வந்த பிறகே பாலன் சொரூபத்தை வைப்பது நம் வழக்கம் என்பது உங்களுக்குத் தெரிந்ததே. அதுவரை, அவன் வீட்டில் செய்த ஒவ்வொரு நல்ல காரியத்துக்கும் ஒரு வைக்கோல் துரும்பை முன்னணையில் போடட்டும். பாட்டிக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தால் ஒன்று, தங்கையோடு பொம்மையைப் பகிர்ந்தால் ஒன்று. பாலன் படுப்பதற்குள் படுக்கை மெத்தென்று ஆகவேண்டும் என்று மட்டும் சொல்லிவையுங்கள். கெட்ட காரியத்துக்குத் துரும்பை எடுத்துவிடுகிற வழக்கம் சில வீடுகளில் இருக்கிறது. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. போட்டது போட்டதாகவே இருக்கட்டும். 1223ஆம் ஆண்டு இத்தாலியில் கிரேச்சோ என்ற சிற்றூரில் அசிசி பிரான்சிஸ் மாட்டையும் கழுதையையும் நிறுத்தி முதன்முதலாக முன்னணைக் காட்சியை அமைத்தபோது, அவர் கேட்டு வாங்கியதும் வைக்கோல்தான்.

"எத்தனை நாள்?" என்று மகன் மறுபடி கேட்டால் பதில் சொல்லாதீர்கள். தட்டைப் பார்த்துவிட்டு வரச் சொல்லுங்கள்.

கேள்வி: எனக்கு அறுபத்தெட்டு வயது. எங்கள் வீட்டில் டிசம்பர் 20ஆம் தேதி என்றால் அடுப்பு அணையாது. முந்திரிக்கொத்து, அச்சு முறுக்கு, அதிரசம் எல்லாம் டின் டின்னாக நிற்கும். இப்போது மருமகள் எல்லாவற்றையும் கடையில் வாங்கிவிடுகிறாள். பேரப்பிள்ளைகளுக்கு முந்திரிக்கொத்து எப்படிச் செய்வது என்றே தெரியாது. கேட்டால் "நேரம் எங்கே அத்தை?" என்கிறாள். மனசு வலிக்கிறது.
– வாசகி, நாகர்கோவில்

பதில்: அம்மா, உங்கள் வலி எனக்குப் புரிகிறது. ஆனால் உங்கள் மருமகள் சொல்வதையும் ஒரு நிமிடம் எண்ணிப் பாருங்கள். உங்கள் காலத்தில் அந்த அடுப்பைச் சுற்றி நாத்தனார், ஓரகத்தி, பக்கத்து வீட்டுப் பெண்கள் என்று நான்கைந்து பேர் உட்கார்ந்திருப்பார்கள். இன்று அவள் ஒருத்தி, அதுவும் வேலைக்குப் போய்விட்டு வருகிறவள். நான்கு பேர் செய்த வேலையை ஒருத்தியிடம் எதிர்பார்த்தால் அவள் கடைக்குத்தான் போவாள். நானாக இருந்தாலும் போவேன்.

இந்த வருடம் எல்லாப் பலகாரத்தையும் விட்டுவிட்டு, முந்திரிக்கொத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். மருமகளைக் கூப்பிடாதீர்கள். பேரப்பிள்ளைகளைக் கூப்பிடுங்கள். பாசிப்பயறு வறுக்கும்போது வாசம் வருகிற நேரத்தை மூக்கால் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். கண்ணால் பார்த்துச் சொல்ல முயன்றால் கருகிவிடும். தேங்காய்த் துருவலையும் எள்ளையும் தனித்தனியே வறுத்து, பயற்று மாவு, ஏலம், சுக்கோடு சேர்த்துக் கருப்பட்டிப் பாகை ஊற்றிக் கிளறுகிற வேலை உங்களுடையது. உருண்டை பிடிக்கிற வேலை பிள்ளைகளுடையது. மாவு கை பொறுக்கிற சூட்டில் இருக்கும்போதே பிடிக்க வேண்டும், ஆறிவிட்டால் உதிரும் என்பதை நீங்கள் சொல்ல வேண்டாம். ஐந்தாவது உருண்டை உதிரும்போது அவர்களே கண்டுகொள்வார்கள். முதலில் வருகிற உருண்டைகள் ஒன்று நெல்லிக்காய் அளவிலும் ஒன்று எலுமிச்சை அளவிலும் இருக்கும். எண்ணெயில் போடும்போது அவற்றைத் திருத்திப் பிடிக்காதீர்கள். நாம் திருத்திய பலகாரம் நம் பலகாரமாகிவிடும். "இது நான் பிடித்தது" என்று தட்டில் தேடி எடுக்க அவர்களுக்கு ஒன்று இருக்காது.

பச்சரிசி மாவும் மஞ்சளும் கரைத்த கரைசலில் மூன்று உருண்டையாகச் சேர்த்து முக்கிக் கொத்தாகப் பொரிப்பது மட்டும் பெரியவர்கள் வேலை. பத்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகள் எண்ணெய்ச் சட்டியிலிருந்து நான்கடி தள்ளியே நிற்கட்டும். அச்சு முறுக்கும் செய்வதாக இருந்தால் இன்னும் கவனம் வேண்டும். காய்ந்த எண்ணெயில் அச்சைச் சூடேற்றி, மாவில் முக்கால் பாகம்வரை மட்டும் தோய்த்து, திரும்ப எண்ணெயில் இறக்கி உதறுகிற அந்தக் கணத்தில் எண்ணெய் தெறிக்காமல் இருப்பது அரிது. பொரித்ததை எண்ணி டின்னில் அடுக்குவதும், எந்த வீட்டுக்கு எத்தனை என்று பட்டியல் போடுவதும், தட்டில் துணி மூடி அண்டை வீடுகளுக்குக் கொண்டு போவதும் பிள்ளைகளிடமே இருக்கட்டும். தீபாவளிக்கு அதிரசம் கொடுத்தனுப்பிய வீடும் ரம்ஜானுக்குப் பிரியாணி கொடுத்தனுப்பிய வீடும் அந்தப் பட்டியலின் மேலே இருக்க வேண்டும் என்பதை நீங்கள் சொல்லிக் கொடுங்கள். அது எந்தக் கடையிலும் கிடைக்காது.

மருமகள் வேலையிலிருந்து திரும்பும்போது சமையலறை முழுக்க மாவாக இருக்கும். அதை அவள் பார்ப்பதற்குள் சுத்தம் செய்துவிடுங்கள் அம்மா. அடுத்த வருடம் அவளும் வந்து உட்காருவதற்கு அது மிகவும் அவசியம்.

கேள்வி: நாங்கள் சைவ உணவுக்காரர்கள், இந்துக் குடும்பம். மகளின் வகுப்புத் தோழி குடில் பார்க்கவும் கேக் சாப்பிடவும் அழைத்திருக்கிறாள். முட்டை சேர்ந்ததை மகள் சாப்பிட மாட்டாள். மறுத்தால் அவர்கள் மனம் புண்படுமா?
– வாசகி, கும்பகோணம்

பதில்: புண்படாது. போகும் முன்பே தோழியின் அம்மாவிடம் நேராகச் சொல்லிவிடுங்கள். பிளம் கேக்கில் முட்டை இருக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும்; அச்சு முறுக்கு மாவிலும் பல வீடுகளில் முட்டை சேர்ப்பார்கள் என்பது பலருக்குத் தெரியாது, ஆகவே அதையும் கேட்டுக்கொள்ளுங்கள். அதிரசத்திலும் முந்திரிக்கொத்திலும் முட்டை இல்லை. மகள் கையில் கொஞ்சம் பூவோ பழமோ கொடுத்தனுப்புங்கள். குடிலின் முன்னால் என்ன செய்ய வேண்டும் என்று அவள் கேட்டால், தோழி செய்வதைப் பார்த்துக்கொண்டு பேசாமல் நின்றால் போதும் என்று சொல்லுங்கள்.

கேள்வி: எட்டு வயது மகன், கேரல் குழுவோடு வந்த கிறிஸ்துமஸ் தாத்தாவின் முகமூடிக்குப் பின்னால் இருப்பது எங்கள் தெரு அண்ணன் என்று செருப்பை வைத்துக் கண்டுபிடித்துவிட்டான். "நீங்கள் இத்தனை வருடம் பொய் சொன்னீர்களா?" என்று கேட்டு அழுதான். இனி எதைச் சொன்னாலும் நம்ப மாட்டானோ என்று பயமாக இருக்கிறது.
– வாசகி, சென்னை

பதில்: சமாளிக்காதீர்கள். "ஆமாம், அது அண்ணன்தான்" என்று ஒப்புக்கொள்ளுங்கள். செருப்பைக் கவனித்த கண்ணைப் பாராட்டவும் செய்யுங்கள். அதன்பின் உண்மையான கதையைச் சொல்லுங்கள். நான்காம் நூற்றாண்டில், இன்றைய துருக்கி நாட்டில் உள்ள மீரா என்ற ஊரில் நிக்கோலாஸ் என்ற ஆயர் இருந்தார். வறுமையில் இருந்த ஒரு வீட்டுக்கு, யார் கொடுத்தது என்று தெரியாதபடி இரவில் பொற்காசு மூட்டைகளைப் போட்டுவிட்டுப் போனார் என்று அவரைப் பற்றி மரபாக ஒரு கதை சொல்லப்படுகிறது. டிசம்பர் 6ஆம் தேதி அவருடைய திருநாள். இன்றைய தாத்தாவின் சிவப்பு அங்கிக்கும் தாடிக்கும் பின்னால் இருப்பவர் அவர்தான். அந்த அண்ணன் வேர்க்க வேர்க்க முகமூடிக்குள் ஆடி மிட்டாய் வீசியது, அவரை நினைவில் வைத்துத்தான்.

அடுத்து, ரகசியம் தெரிந்துவிட்டவனுக்கு அதற்கேற்ற பொறுப்பைக் கொடுங்கள். இந்த வருடம் யாராவது ஒருவருக்கு, கொடுத்தது யார் என்று தெரியாமல் ஒரு பொருளைக் கொடுப்பது அவன் வேலை. தெருவைப் பெருக்க வரும் அம்மாவாக இருக்கலாம், பள்ளி வேன் ஓட்டுநராக இருக்கலாம். யார், என்ன என்பதை அவன் முடிவு செய்யட்டும். யாரிடமும் சொல்லக் கூடாது என்பதுதான் அவனுக்குப் பெரிய சோதனையாக இருக்கும். வீட்டில் அவனைவிடச் சிறிய குழந்தை இருந்தால், இனி அந்தக் குழந்தைக்காக ரகசியத்தைக் காப்பவனும் அவனே.

இதனோடு எல்லாப் பெற்றோருக்கும் ஒரு வேண்டுகோள். இரண்டு மூன்று வயதுக் குழந்தைகளில் பலர் முகமூடித் தாத்தாவைக் கண்டு நடுங்குகிறார்கள். போட்டோவுக்காக அழுகிற குழந்தையைத் தாத்தாவின் கையில் திணிக்காதீர்கள். வாசலுக்கு உள்ளே அப்பாவின் தோளில் இருந்தபடியே பார்க்கட்டும். அடுத்த வருடம் அதுவே கைநீட்டி மிட்டாய் வாங்கும்.

கேள்வி: என் கணவருக்கு இந்த வருடம் ஆறு மாதமாகச் சரியான வேலை இல்லை. இரண்டு பெண் பிள்ளைகளுக்கும் புத்தாடை எடுக்க வழியில்லை. கடன் வாங்கியாவது எடுத்துவிடலாம் என்கிறார் அவர்.
– வாசகி, மதுரை

பதில்: துணிக்காகக் கடன் வாங்க வேண்டாம். ஜனவரியில் பள்ளிக் கட்டணம் வரும்போது அந்தக் கடன் உங்களை வாட்டும். ஆனால் பிள்ளைகளிடம் இதை 23ஆம் தேதி சொல்லாமல் இன்றே சொல்லுங்கள். கடைசி நாள்வரை நம்பவைத்து ஏமாற்றுவதுதான் பிள்ளைகளை உடைக்கிறது. மூன்று வாரம் முன்னால், அப்பாவும் அம்மாவும் சேர்ந்து உட்கார்ந்து, "இந்த வருடம் நம்மிடம் இவ்வளவுதான் இருக்கிறது, இதில் எது வேண்டும் என்று நீங்கள் சொல்லுங்கள்" என்று கேட்டால், ஆச்சரியப்படும் அளவுக்குப் பெரிய மனுஷிகளாக நடந்துகொள்வார்கள். இருக்கிற நல்ல உடையைத் துவைத்து இஸ்திரி போட்டு, தலைக்குப் புது ரிப்பனும் கைக்குப் புது வளையலும் வாங்கிக் கொடுங்கள். நான் சிறுமியாக இருந்தபோது இரண்டு கிறிஸ்துமஸ் அப்படிப் போயின. வெள்ளிக் கம்பி ஓடிய அந்த ரிப்பன் இன்றும் என் நினைவில் இருக்கிறது.

வேலை அமைந்த பிறகு, கிறிஸ்துமஸ் சீட்டு என்று பதிவு எதுவும் இல்லாதவர்களிடம் வாரா வாரம் பணம் கட்டுவதற்குப் பதிலாக, வங்கியில் தொடர் வைப்புக் கணக்கு ஒன்றை, டிசம்பருக்குள் முடிகிற தவணையில், ஜனவரியில் தொடங்குங்கள். சிறு தொகையாக இருந்தாலும் அடுத்த டிசம்பரில் உங்கள் கைக்கு வந்து சேரும்.

கேள்வி: ஆகஸ்ட் மாதம் என் மாமனார் இறந்துவிட்டார். துக்கம் நடந்த வருடம் என்பதால் பலகாரமும் புத்தாடையும் ஸ்டாரும் வேண்டாம் என்று மாமியார் சொல்லிவிட்டார். ஐந்தும் எட்டும் வயதான என் பிள்ளைகளுக்கு ஒவ்வொரு வருடமும் ஸ்டார் கட்டித் தந்தவர் அந்தத் தாத்தாதான். "தாத்தா இல்லை என்றால் இயேசப்பாவும் பிறக்க மாட்டாரா?" என்று சின்னவள் கேட்கிறாள். என்ன சொல்வது என்று தெரியவில்லை.
– வாசகி, நாசரேத்

பதில்: உங்கள் சின்னவளின் கேள்வியைப் படித்துவிட்டு வெகுநேரம் வேறு கடிதத்தை எடுக்க முடியவில்லை.

முதலில் உங்கள் மாமியாரைப் பற்றிப் பேச வேண்டும். துக்க வருடத்தில் பண்டிகை கொண்டாடாமல் இருப்பது நம் ஊர்களில் வேரூன்றிய பழக்கம். அந்த வருடம் உற்றாரும் அண்டை வீட்டாரும் பலகாரம் கொண்டுவந்து கொடுப்பார்கள். அவருக்கு அது வெறும் சம்பிரதாயம் இல்லை. ஐம்பது வருடம் கூட வாழ்ந்தவர் இல்லாத வீட்டில் எண்ணெய்ச் சட்டி வைக்க அவருக்குக் கை வராது. ஆகவே பலகாரத்தையும் புத்தாடையையும் இந்த வருடம் விட்டுவிடுங்கள். பிள்ளைகளிடம், "ஆச்சிக்கு மனசு கஷ்டமாக இருக்கிறது, அவர்களுக்காக நாம் இதை விட்டுக்கொடுக்கிறோம்" என்று காரணத்தோடு சொல்லுங்கள்.

ஸ்டாரைப் பற்றி மட்டும் அவரிடம் இன்னொரு முறை பேசிப் பாருங்கள். நீங்கள் தனியாகப் பேச வேண்டாம். உங்கள் கணவர் பேசட்டும், பிள்ளைகளும் பக்கத்தில் இருக்கட்டும். பிறந்த இயேசுவைத் தேடிக் கிழக்கிலிருந்து வந்த ஞானிகளான சாஸ்திரிகளுக்கு வழி காட்டிய அடையாளம் என்றுதான் நாம் அதை வாசலில் கட்டுகிறோம். துக்க வீட்டு வாசலுக்கும் அது பொருந்தாத ஒன்றில்லை. வண்ண வண்ண சீரியல் லைட் வேண்டாம், கடையில் வாங்கிய பெரிய ஸ்டார் வேண்டாம், அப்பா கட்டிய பழைய ஸ்டாரை மட்டும் வெள்ளைத் தாள் ஒட்டித் தொங்கவிடுகிறோம் என்று கேட்டுப் பாருங்கள். அவர் மறுத்துவிட்டால், அதை வீட்டுக்குள், மாமனாரின் படத்துக்குப் பக்கத்தில் தொங்கவிட அனுமதி கேளுங்கள். அதையும் மறுக்க அவருக்கு மனம் வராது என்றே நினைக்கிறேன்.

ஒவ்வொரு வருடமும் கட்டினார் என்றால் அந்த மூங்கில் சட்டம் எங்காவது பரணில் இருக்கும். தேடி எடுத்து, பழைய தாளை ஈரத் துணியால் நனைத்து உரியுங்கள். சிம்புகள் சேரும் இடங்களில் அவர் போட்ட நூல் முடிச்சுகள் இருக்கும். தளர்ந்ததை மட்டும் இறுக்குங்கள், மற்ற முடிச்சுகளை அவிழ்க்காதீர்கள், அவை எப்படிப் போடப்பட்டிருக்கின்றன என்று பெரிய பிள்ளை பார்த்துக்கொள்ளட்டும். மைதா மாவைத் தண்ணீரில் கரைத்துக் காய்ச்சினால் பசை தயாராகிவிடும். பூச்சி அரிக்காமல் இருக்க அந்தக் காலத்தில் அதில் மயில்துத்தம் சேர்ப்பார்கள். அது நஞ்சு, சிறு கைகள் தொடுகிற பசையில் அது வேண்டாம். தாளை முக்கோணமாக வெட்டும்போது சட்டத்தைவிட ஒரு விரல் அகலம் கூடுதலாக விட்டு, அந்த விளிம்பை மடித்து ஒட்டுங்கள். காய்கிறவரை தொடக் கூடாது. ஈரத்தில் சுருங்கித் தெரிகிற தாள் காய்ந்ததும் தானாக விறைத்துவிடும். பழைய குண்டு பல்பு சூடாகித் தாளைக் கருக்கும் என்பதால் சிறிய எல்.இ.டி. பல்பைப் போடுங்கள், ஒயரில் எங்காவது தோல் உரிந்திருக்கிறதா என்று உங்கள் கணவர் ஒருமுறை தடவிப் பார்க்கட்டும்.

சின்னவளிடம், இயேசப்பா பிறப்பார், தாத்தா இருந்தபோது பிறந்தது போலவே பிறப்பார் என்று சொல்லுங்கள். தாத்தா இதுவரை கட்டித் தந்ததை இந்த வருடம் நாம் கட்டுகிறோம் என்றும் சொல்லுங்கள். ஸ்டார் தொங்கியதும் சுவிட்சைப் போடும் வேலையை ஆச்சியிடம் விடுங்கள்.